ஃப்ளாஷ் நின்ற பிறகு: தமிழ் எழுத்துகளை உலாவியில் மீண்டும் எழுதவைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வட அமெரிக்க நகரம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ்ப் பள்ளி. ஆசிரியர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் தமிழைக் காதால் கேட்பவர்கள், கையால் எழுதிப் பழகாதவர்கள். அவர்களுக்காக 2000களின் நடுவில் ஒரு பெற்றோர், உலாவியில் அசைவும் ஒலியும் காட்ட அந்நாளில் பயன்பட்ட ஃப்ளாஷ் மென்பொருளில் எழுத்துப் பயிற்சி ஒன்றைச் செய்து தந்திருந்தார். எழுத்தைத் தொட்டால் ஒரு பென்சில் வந்து அதை எழுதிக் காட்டும், கூடவே ஒலியும் வரும். அதை வைத்துப் படித்த பிள்ளைகளில் சிலர் கல்லூரிக்கே போய்விட்டார்கள்.

ஃப்ளாஷை 2020 முடிவோடு நிறுத்தப்போவதாக அடோபி நிறுவனம் 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 டிசம்பர் 31இல் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் இயக்கியே உள்ளடக்கத்தைத் தடுத்தது. கொரோனா காலம் என்பதால் அப்போது வகுப்புகள் எல்லாம் இணையவழியில்தான் நடந்துகொண்டிருந்தன. அந்த வாரச் சனிக்கிழமை முதல் வகுப்பு ஆசிரியை பக்கத்தைத் திறந்தார். எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரம் ஒன்று இருந்தது.

மாலையில் எனக்கு அழைப்பு வந்தது. நானும் இன்னும் இருவரும் சேர்ந்து இதை மீட்க முயன்றோம். நான் நிரல் எழுதுபவன். ஒருவர் வரைகலைஞர். மற்றொருவர் பள்ளியின் மூத்த ஆசிரியை, நாங்கள் அக்கா என்று அழைப்பவர். அடுத்த பத்து மாதங்களில் நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். வலையில் அசைவூட்டம் செய்து வெளியிட நினைக்கும் யாருக்கும், தமிழ் எழுத்தோடு வேலை செய்பவர்களுக்குக் குறிப்பாகவும், எங்கள் தடுமாற்றங்கள் பயன்படக்கூடும்.

பழையதை எழுப்பிப் பார்த்தது

மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை. செய்தவருடைய பழைய கணினி என்றோ போய்விட்டது. சர்வரில் இருந்தவை ஓட்ட மட்டுமே முடிகிற, திருத்த முடியாத எஸ்டபிள்யூஎஃப் என்ற ஃப்ளாஷ் கோப்புகள் மட்டும்.

முதலில் ரஃபிள் என்ற திறந்தமூல எமுலேட்டரில் போட்டுப் பார்த்தோம். ஃப்ளாஷ் கோப்புகளை ஃப்ளாஷ் இல்லாமலேயே உலாவியில் ஓட்டிக்காட்டும் அருமையான முயற்சி அது. எங்கள் கோப்புகள் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 என்ற பழைய ஃப்ளாஷ் நிரல்மொழியில் எழுதப்பட்டவை என்பதால் பெரும்பாலானவை ஓடவும் செய்தன. எழுத்து வடிவங்கள் கோப்புக்குள்ளேயே கோடுகளாகப் பதிந்திருந்ததால் அவையும் சரியாக வந்தன. ஆனால் கீழே வரும் சொற்கள் வரவில்லை. ‘அம்மா’ இருக்கவேண்டிய இடத்தில் மேலே புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன. காரணம் தெரிந்ததுதான். அந்தச் சொற்கள் யூனிகோடுக்கு முந்திய டாப் குறிமுறையில் இருந்தன. அதற்குரிய எழுத்துரு பயனரின் கணினியில் இருக்கும் என்று நம்பிச் செய்தது. இன்று எந்தப் பிள்ளையின் டேப்லெட்டில் அந்த எழுத்துரு இருக்கப்போகிறது?

எமுலேட்டரோடு நின்றுகொள்ளலாமா என்று ஒரு வாரம் யோசித்தோம். இரண்டு காரணங்களால் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஒன்று, சொற்களைத் திருத்த எங்களிடம் மூலம் இல்லை. மற்றது, இன்னொரு மூடிய கோப்பு வகைக்குள் மறுபடி போய் மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் எஸ்விஜி என்ற வரைபட வடிவத்தைத் தேர்ந்தோம். அது வெறும் உரைக்கோப்பு. எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். பதினைந்து வருடம் கழித்து வருகிறவர் கையிலும் அது திறக்கும் என்பதே எங்களைத் தீர்மானிக்க வைத்தது.

எழுத்துருவிலிருந்து தொடங்கிய தவறு

வலையில் கோடு வரைவதுபோல் காட்டும் வித்தை பலருக்கும் தெரிந்திருக்கும். எஸ்விஜி கோட்டை இடைவெளிக் கோடாக்கி, அந்த இடைவெளியைக் கோட்டின் முழு நீளத்துக்கு வைத்துவிட்டு, ஸ்ட்ரோக்-டேஷ்ஆஃப்செட் மதிப்பைப் படிப்படியாகச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் கோடு தானே வரைந்துகொள்வதுபோல் தெரியும். பாத்லெங்த் என்ற பண்புக்கு 1 என்று கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கோட்டின் உண்மையான நீளத்தையும் தனித்தனியே அளக்கவேண்டிய வேலையும் மிச்சம்.

ஒரு யூனிகோடு எழுத்துருவிலிருந்து ‘அ’வை எடுத்து இப்படிச் செய்து அக்காவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, எழுத்தோட ஓரத்தைச் சுத்தி எறும்பு ஊருற மாதிரி இருக்கு. கை இப்படிப் போகாதே.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. எழுத்துருவில் இருப்பது எழுத்தின் வெளிக்கோடு. பேனா போன தடம் அதில் கிடையாது. ஒரு கோட்டுக்கு இரண்டு ஓரங்கள் இருப்பதால், அசைவு இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்பி வருகிறது. பிள்ளைக்குத் தேவை நடுக்கோடு.

அடுத்த முயற்சி, எழுத்துருவின் வடிவத்தை அப்படியே வைத்து, அதன்மேல் தடித்த நடுக்கோடு ஒன்றை மறைப்பாகப் போட்டு, மறைப்பு நகர நகர எழுத்து வெளிப்படுவதுபோல் செய்வது. ‘ட’, ‘ப’ போன்ற எளிய எழுத்துகளுக்கு அழகாக வந்தது. ‘ண’வில் உடைந்தது. அதில் மூன்று சுழிகள் நெருங்கி நிற்கின்றன. முதல் சுழியை வரையும் தடித்த மறைப்பு, பக்கத்துச் சுழியின் ஒரு துண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டது. இன்னும் எழுதாத கோடு அரைகுறையாக முளைத்து நின்றது. கோடுகள் குறுக்கிடும் எல்லா எழுத்திலும் இதே சிக்கல்தான்.

இந்த இடத்தில் வரைகலைஞர் எடுத்த முடிவுதான் வேலையைக் காப்பாற்றியது. எழுத்துருவை விட்டுவிடலாம், எல்லா எழுத்தையும் ஒரே தடிமன் உள்ள கோடாக நாமே வரைந்துகொள்ளலாம் என்றார். பிள்ளை பென்சிலால் எழுதப்போகிறது. அச்செழுத்தின் தடிப்பும் மெலிவும் அதன் கையில் வராது. பென்சில் கோடுபோல் இருக்கும் எழுத்தைப் பார்த்து எழுதுவதே அதற்கு எளிது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், அக்கா தாளில் எழுதிக் கொடுத்ததைக் கீழே வைத்து மேலே தடம் போட்டோம்.

247 எழுத்துகளையும் வரைய வேண்டியிருக்கவில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய்கள் 18. இவற்றோடு இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் நான்கையும் எழுத்துக்கு எழுத்து தனியாக வரையவேண்டும், ஏனென்றால் ‘கு’வும் ‘டு’வும் ‘னு’வும் மூன்று வெவ்வேறு முறையில் வளைகின்றன. ‘டி’யில் விசிறி (இகரக் குறி) ஒட்டும் இடமே வேறு. அது 72. ஆக 103 வரைபடங்கள். மற்ற 144உம் புள்ளி, கால், கொம்பு, சங்கிலிக் கொம்பு போன்றவற்றை மேலும் முன்னும் பின்னும் சேர்த்து உருவானவை. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றுதான் இது முடிகிற வேலை என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

எந்தக் கோடு முதலில்

வரையத் தொடங்கியதும் வேறொரு கேள்வி எழுந்தது. பள்ளியில் திருச்சியில் படித்த ஆசிரியையும் இருக்கிறார், யாழ்ப்பாணத்தில் படித்த ஆசிரியையும் இருக்கிறார். ‘அ’வின் கடைசி நெடுங்கோட்டுக்கு முன் கையை எடுப்பதா, எடுக்காமல் மேலே ஏறிக் கீழே இறங்குவதா? ‘க’வை எந்தக் கோட்டில் தொடங்குவது? இருவரும் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி உறுதியாக இருந்தார்கள். இருவரின் பிள்ளைகளும் நன்றாகவே எழுதினார்கள்.

ஒரு மாலை முழுக்கப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். பேனாவை எடுக்கும் முறையை முதன்மையாக வைப்பது, காரணம் அப்போது அசைவு இரண்டு தெளிவான பகுதிகளாகப் பிரிகிறது. பக்கத்தின் கீழே, கையை எடுக்காமலும் எழுதுவார்கள் என்று ஒரு வரி. வேறு முறையில் எழுதும் பிள்ளையைத் திருத்தவேண்டாம் என்று ஆசிரியர்களுக்குள் ஒரு புரிதல். இந்தப் பேச்சை நாங்கள் வரைவதற்கு முன்பே நடத்தியிருக்கவேண்டும். ஏற்கெனவே முடித்திருந்த பல எழுத்துகளைத் திரும்ப வெட்டி ஒட்ட நேர்ந்தது.

கோடுகளின் வேகத்தையும் அன்றுதான் சரிசெய்தோம். முதலில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விநாடி என்று வைத்திருந்தேன். அதனால் ‘ட’வின் சின்ன நிமிர்கோடு நத்தைபோல் நகர்ந்தது, ‘ஐ’யின் நீண்ட வளைவு பறந்தது. கை அப்படிப் போவதில்லை. நீளத்துக்கு ஏற்ப நேரத்தைப் பிரித்துக் கொடுத்து, எல்லாக் கோட்டிலும் ஒரே வேகம் இருக்கும்படி மாற்றினேன். பேனாவை எடுக்கும் இடத்தில் அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஒரு நிறுத்தம். அழகுக்காகச் சேர்த்திருந்த மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் வேக வளைவையும் நீக்கினோம். அந்த நிறுத்தம் வந்த பிறகுதான் அது எழுதுவதுபோல் இருந்தது.

முதல் வெளியீடும் வகுப்பில் கண்டதும்

2021 மார்ச்சில் உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து வெளியிட்டோம். பன்னிரண்டும் ஒரே நேரத்தில் எழுதி முடித்து, அழிந்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தன. எனக்கு அது திருவிழாபோல் இருந்தது. பெருமையாக இருந்தது என்றே சொல்லவேண்டும்.

வகுப்பில் நடந்தது வேறு. பிள்ளைகளின் கண் எங்கும் நிற்கவில்லை. “‘இ’யைப் பாருங்கள்” என்று ஆசிரியை சொன்னால், பக்கத்தில் ‘ஈ’ அசைய அங்கே போய்விடுகிறார்கள். பழைய டேப்லெட் வைத்திருந்த பிள்ளைகளுக்கு அசைவு வெட்டி வெட்டி வந்தது, கருவி சூடானது. உலாவி விநாடிக்கு 60 சட்டகம் (அசைவின் ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம்) காட்டவேண்டுமானால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. டிரான்ஸ்ஃபார்ம் (இடம், அளவு மாற்றுவது), ஒபாசிட்டி (வெளிறச் செய்வது) போன்ற மாற்றங்களை வரைகலைச் சில்லு ஏற்றுக்கொள்ளும். கோட்டின் இடைவெளியை மாற்றுவது அப்படிப்பட்டதல்ல, ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியைப் புதிதாகத் தீட்டவேண்டும். ஒரு எழுத்துக்கு அது பொருட்டே இல்லை. பன்னிரண்டு எழுத்து ஓயாமல் சுழன்றால் எளிய கருவி திணறும்.

திரைப் பகிர்வில் இன்னும் மோசம். பகிர்வு கூர்மையான படத்துக்கு முன்னுரிமை தந்து சட்டகங்களைக் குறைத்துவிடுகிறது. ஆசிரியையின் திரையில் வழுக்கிச் சென்ற கோடு, பிள்ளையின் திரையில் மூன்று தாவலில் முடிந்தது. எந்த வழியாகப் போனது என்பதே தெரியவில்லை.

இவை எல்லாம் ஒரே வாரத்தில் தெரிந்தவை. அடுத்த இரண்டும் எங்களை உண்மையில் உலுக்கின.

ஒரு தாய் எழுதினார்: தன் கணினியில் பக்கம் வெறுமையாக இருக்கிறது, எழுத்தே வரவில்லை என்று. நாங்கள் சோதித்த எந்தக் கருவியிலும் அப்படி வரவில்லை. இரண்டு நாள் தேடினோம். திரையில் அசைவு பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும், அதனால் கணினியில் அசைவைக் குறைக்கும் அமைப்பை இயக்கிவைத்திருந்தார். நாங்களும் பொறுப்பாக அந்த அமைப்பை மதித்து அசைவை நிறுத்தியிருந்தோம். ஆனால் எங்கள் எழுத்தின் தொடக்க நிலை ‘மறைந்திருப்பது’. அசைவுதான் அதை வெளிக்கொண்டுவருகிறது. அசைவை நிறுத்தினால் எழுத்து மறைந்தபடியே இருந்துவிடும். யாருக்காக அக்கறைப்பட்டோமோ அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

அதே வாரம் ஒரு ஆசிரியை வீட்டுப்பாடத்துக்காகப் பக்கத்தை அச்செடுத்தார். தாள் வெள்ளையாக வந்தது. காரணம் அதேதான்.

எடுத்த முடிவுகள்

பக்கத்தைத் தலைகீழாக மாற்றி எழுதினோம். முழு எழுத்தும் எப்போதும் தெரியும், அதுவே இயல்பு நிலை. தொட்டால் மட்டும் எழுத்து வெளிறி, அதன்மேல் கோடு நடக்கும், முடிந்ததும் முழு எழுத்தாக நிற்கும். நிரல் ஓடாவிட்டாலும் எழுத்து உண்டு, அச்சிலும் உண்டு. அசைவு வேண்டாம் என்பவர்களுக்குக் கோடுகளின் மேல் 1, 2, 3 என்ற எண்களும் அம்புக்குறிகளும் வைத்த நிலைப்படம் வந்தது. அந்தத் தாய்தான் அதை முதலில் பார்த்துச் சரி என்றார். பிறகு அச்சுக்கும் அதையே பயன்படுத்தினோம். வீட்டுப்பாடத் தாளுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைத்திருக்காது.

ஒரு நேரத்தில் ஒரு எழுத்து மட்டும் அசையும். இன்னொன்றைத் தொட்டால் முந்தியது நின்றுவிடும். சுழற்சி கிடையாது, ‘மறுபடி’ என்ற பொத்தான் உண்டு. வலை அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள், தானாகத் தொடங்கி மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஐந்து விநாடிக்கு மேல் ஓடும் அசைவுக்கு நிறுத்தும் வழி இருக்கவேண்டும் என்று சொல்கின்றன. தொடாமல் எதுவும் ஓடாது என்று வைத்தபோது அந்த நெறி தானே நிறைவேறியது. ஒலிக்கும் இது உதவியது. பயனர் தொடாமல் ஒலியைத் தொடங்குவதைக் குரோம் 2018 முதல் பெரும்பாலும் தடுக்கிறது. இங்கே எழுத்தைத் தொடுவதே ஒலிக்கான அனுமதியும் ஆனது.

பென்சில் பிடித்த கை ஒன்றைக் கோட்டின் முனையில் வைத்திருந்தோம், பழைய ஃப்ளாஷில் இருந்த நினைவில். அதை எடுத்துவிட்டோம். அது எழுத்தில் பாதியை மறைத்தது. அதோடு அது வலக்கை. வகுப்பில் இடக்கைப் பிள்ளை ஒருவர் அதைப் பார்த்துத் தன் பென்சிலை மாற்றிப் பிடிக்க முயன்றதை ஆசிரியை கவனித்துச் சொன்னார். கையின் இடத்தில் ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளி வந்தது.

ஆசிரியர்கள் கேட்டுச் சேர்த்தது ஒன்று உண்டு: கீழே ஒரு நகர்த்துபட்டை. விரலால் இழுத்தால் கோடு அவ்வளவு தூரம் போகும், பின்னால் இழுத்தால் திரும்பும். ‘ண’வின் இரண்டாவது சுழியில் நிறுத்தி “இன்னும் எத்தனை சுழி?” என்று கேட்கலாம். மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளை அரிது. முடிந்த எழுத்தைப் பார்த்துச் சுழியை எண்ணுவது கடினம், எழுதும்போது எண்ணுவது எளிது. நாங்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பட்டைதான். நிரலில் சில வரிகளுக்கு மேல் அதற்குத் தேவைப்படவில்லை.

திரைப் பகிர்வைக் கைவிட்டோம். ஆசிரியை இணைப்பை அனுப்புவார், பிள்ளைகள் தங்கள் கருவியிலேயே தொடுவார்கள்.

சொற்களில் வந்த இடர்

எழுத்துகளுக்குப் பிறகு சொற்களும் வேண்டும் என்றார்கள். ‘கொக்கு’ என்ற சொல் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றவேண்டும். வலையில் எங்கும் காணும் தட்டச்சு விளைவுதானே என்று சொல்லைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதலில் ‘க’ வந்தது. அடுத்த நொடியில் அது ‘கொ’ ஆக மாறியது. பிறகு ‘கொக’, அப்புறம் ‘கொக்’. பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவர் ‘கொக’ என்றே படித்துவிட்டார்.

யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்து. உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை இரண்டாகவே பார்க்கிறது. நமக்கு அது ஒரே எழுத்து. ஒவ்வொரு துண்டையும் தனிப் பெட்டியில் போட்டபோது இன்னும் மோசமானது: குறி மட்டும் தனியாக, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தை ஒட்டிக்கொண்டு நின்றது.

எழுத்துக் கொத்துகளாகப் பிரிக்க இன்டெல்.செக்மென்டர் என்ற வசதி குரோமில் 2020 இறுதியிலேயே வந்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸில் அப்போது இல்லை, 2024இல்தான் வந்தது. ஆகவே நாங்களே சிறிய விதி ஒன்று எழுதினோம்: உயிர்க்குறியும் புள்ளியும் முந்திய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. தமிழுக்கு அந்த ஒரு விதி ஏறக்குறைய எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறது. ‘க்ஷ’வும் ‘ஸ்ரீ’யும் மட்டும் விலக்கு. பொதுவான யூனிகோடு விதிப்படி அவை இரண்டு கொத்துகளாகப் பிரியும், நமக்கோ ஒன்று. அவற்றுக்கென்று தனி விதி சேர்க்கவேண்டியிருந்தது.

கொம்பின் வரிசையும் பேச்சுக்கு வந்தது. சேமிப்பில் ககரம் முன்னால், கொம்பு பின்னால். கையில் கொம்பு முன்னால். அசைவில் கையின் வரிசையையே வைத்தோம்: ‘கொ’வுக்குக் கொம்பு, ககரம், கால். சேர்த்து உருவாக்கும் 144 எழுத்துகளுக்கும் இந்த வரிசையைக் கையால் சரிபார்த்தது அக்கா.

ஒரு பாட்டி தன் பேத்தியோடு இதைப் பார்த்துவிட்டு ‘லை’ தவறு என்று சொல்லி அனுப்பினார். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போட்ட வடிவில் எழுதப்பட்டவை. ணா, றா, னா வரிசைகளையும் சேர்த்து மாறியவை மொத்தம் 13. பிள்ளைகளைக் குழப்பவேண்டாம் என்று பழைய வடிவங்களைப் பாடத்தில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த 13ஐயும் வரைகலைஞர் தனிப் பக்கமாக வரைந்து பாட்டிக்கு அனுப்பினார். பேத்திக்குத் தன் கையெழுத்தை வாசித்துக்காட்ட அவருக்கு அது வேண்டியிருந்தது.

வெளியிடும்போது கற்றவை

கோப்புகளைச் சிறிதாக்கலாம் என்று எஸ்விஜி சுருக்கும் கருவி ஒன்றில் எல்லாவற்றையும் போட்டேன். மறுநாள் ‘அ’வின் இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் வரையத் தொடங்கின. ஒரே நிறம், ஒரே தடிமன் உள்ள தடங்களைக் கருவி ஒன்றாக இணைத்துவிட்டது. அடையாளப் பெயர்களையும் நீக்கிவிட்டது. பார்வைக்குப் படம் அதேதான், ஆனால் எது முதல் கோடு என்ற தகவல் போய்விட்டது. அந்த அமைப்புகளை அணைத்துவிட்டு மறுபடி சுருக்கினோம். வியூபாக்ஸ் பண்பையும் நீக்கவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அது போனால் எழுத்து திரைக்கு ஏற்ப விரியாது. கோப்பை அனுப்பும்போதே சுருக்கும் ஜிஸிப் சர்வரில் இருந்ததால் இவ்வளவு சுருக்கியதே தேவையில்லை என்பது பிறகு தெரிந்தது. ஒரு எழுத்துக் கோப்பு ஒரு கிலோபைட் அளவில்தான் இருந்தது.

ஒரு உலாவியில் மட்டும், இன்னும் தொடங்காத கோட்டின் முனையில் ஒரு புள்ளி தெரிந்தது. கோட்டு முனைகளை வட்டமாக வைத்ததால் வந்தது. அந்தக் கோட்டின் முறை வரும்வரை அதை முழுதாக மறைத்துவைப்பதே தீர்வு.

திருத்திய கோப்பை ஏற்றியும் பலருக்குப் பழையதே வந்தது, உலாவி சேமித்துவைத்திருந்ததால். கோப்புப் பெயரோடு பதிப்பு எண்ணைச் சேர்த்த பிறகு அந்தப் புகார் நின்றது.

பிறகு வாட்ஸ்அப். பெற்றோர் குழுவில் எழுத்தை அனுப்பவேண்டும் என்றார்கள். எஸ்விஜி அங்கே போகாது. ஜிஃப் 1987இல் வந்த வடிவம். ஒரு சட்டகத்துக்கு 256 நிறம், வளைந்த கோட்டு ஓரங்கள் ரம்பம்போல் தெரியும், அளவும் பெரிது. எம்பி4 காணொளியாக மாற்றினோம். முதல் முயற்சியில் அகலம் ஒற்றைப்படை எண்ணாக இருந்ததால் மாற்றும் கருவியே மறுத்தது. எம்பி4 காணொளியைச் சுருக்கும் ஹெச்.264 முறையில் வழக்கமான நிறமுறைக்கு அகலமும் உயரமும் இரட்டைப்படையாக இருக்கவேண்டும். இரண்டாவது முயற்சி என் கணினியில் ஓடியது, பல கைபேசிகளில் ஓடவில்லை. நிறமுறையை ஒய்யூவி420 என்று குறிப்பிட்ட பிறகு எல்லாவற்றிலும் ஓடியது. மூன்றாவது முயற்சி சரியாக ஓடியும், குழுவில் யாரும் அதைத் திறக்கவில்லை. முதல் சட்டகம் வெறும் வெள்ளை. அதனால் முன்னோட்டப் படமும் வெள்ளை. முழு எழுத்தை முதல் சட்டகமாக வைத்தபிறகுதான் திறந்தார்கள். பக்கத்தில் மார்ச் மாதமே செய்த அதே தவறை மூன்று மாதம் கழித்துக் காணொளியில் செய்திருக்கிறேன்.

பின்னர் நடந்தது

2021 நவம்பரில் 247 எழுத்துகளும் முடிந்தன. வகுப்புகள் மெல்ல நேரடியாகத் திரும்பிய பிறகும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ‘ண’, ‘ன’ குழப்பம் குறைந்திருப்பதாக இரண்டு ஆசிரியைகள் சொன்னார்கள். நாங்கள் முறையாக அளக்கவில்லை, அதனால் அவர்கள் சொல்லாகவே அதை இங்கே வைக்கிறேன். நானே நேரில் கண்டது ஒன்று உண்டு: பிள்ளைகள் கோட்டோடு சேர்ந்து மேசையில் விரலால் எழுதுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எதிர்பாராததும் நடந்தது. சில பிள்ளைகள் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பென்சிலை எடுக்கவே இல்லை. பார்ப்பது எழுதுவதாகிவிடாது. ஒருமுறை பார், மூன்று முறை தாளில் எழுது, பிறகே அடுத்த எழுத்து என்று அக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். நிரலில் எதையும் மாற்றவில்லை.

மறுபடி செய்தால்

வரைவதற்கு முன் எல்லா ஆசிரியர்களையும் தாளில் எழுதச் சொல்லி, கையின் வரிசையைக் காணொளி எடுத்துக்கொள்வேன். எழுத்துருவில் செலவிட்ட மூன்று வாரமும் மிச்சமாகியிருக்கும். பள்ளியில் இருப்பதிலேயே பழைய டேப்லெட்டை முதல் நாளே வாங்கி மேசையில் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பக்கத்தை அச்செடுத்துப் பார்ப்பேன், அசைவைக் குறைக்கும் அமைப்பை இயக்கியும் பார்ப்பேன். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. அந்தத் தாய் இரண்டு நாள் வெறும் பக்கத்தைப் பார்த்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

மூலக் கோப்புகள் இப்போது பள்ளியின் கணினியிலும், பொதுவான திறந்தமூலக் களஞ்சியத்திலும், அக்காவின் வீட்டில் ஒரு பென்டிரைவிலும் இருக்கின்றன. கோடுகளின் வரிசை ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தமிழில் எழுதியிருக்கிறது. போன ஆண்டு சேர்ந்த புதிய ஆசிரியை ஒருவர், நிரல் தெரியாதவர், ‘ஜ’வும் ‘ஸ்ரீ’யும் இல்லையே என்று பார்த்து, ‘ச’வின் கோப்பைத் திறந்து படித்து, தானே அவற்றை வரைந்து அனுப்பினார். ‘ஸ்ரீ’யில் ஒரு கோடு மட்டும் வரிசை மாறியிருந்தது. தொலைபேசியில் சொன்னேன், அன்று மாலையே திருத்திவிட்டார்.